கல்யாணக் கம்பைப் பார்த்துப் போட்ட தெரு

சர்வே ஆபீசில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒரு முக்காலியை நிறுத்தி, அதன் தலையில் ஒரு கருவியை வைத்து, வானத்திடம் கேட்டு நிலத்தை அளந்துவிடுகிறார்கள். போன மாதம் பென்ஷன் விஷயமாக விருத்தாசலம் தாலுகா ஆபீசுக்குப் போனபோது அவர்களில் நாலைந்து பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஐயா, இரும்புச் சங்கிலியையா தோள்ல போட்டுக்கிட்டு அலைஞ்சீங்க?" என்றான் ஒருவன்.

"சங்கிலி, கம்பு, கல்லு, கட்டுச்சோறு. எல்லாம் ஒரே தோளு" என்றேன்.

"வெறும் கண்ணால பார்த்தா கோடு எப்படிங்கய்யா நேரா வரும்?"

"சில நாள் வராது" என்றேன். சிரித்தார்கள். அப்படி வராமல்போன ஒரு கோட்டைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பேசச் சொன்னால் பொழுது சாயும்வரை பேசுவேன். எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. நல்லூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. மற்றதெல்லாம் பொட்டலம் கட்டிவந்த தாளை விரித்துப் படித்தும், ஊர் ஊராகப் போய் ஜனங்கள் பேசுவதைக் கேட்டும் வந்தது. ஒரு ஊரில் எனக்குச் சோறு போட்டதைவிட அங்கே கேட்ட பேச்சுதான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அறுபதுகளில் செயின்மேனாகச் சேர்ந்தேன். சங்கிலியின் தலையைப் பிடிப்பவன் முன்னால் போவான், வாலைப் பிடிப்பவன் பின்னால் நிற்பான். முதல் இரண்டு வருடம் வால். சங்கிலியைச் சிக்கில்லாமல் வீசவும், திரும்ப மடித்துக் கட்டவும், வரப்பில் விழாமல் நடக்கவும், பங்காளிச் சண்டை நடக்கும் வயலில் யார் பக்கமும் பார்க்காமல் நிற்கவும் கற்றுக்கொண்டேன். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். இவ்வளவுதான் என் பயிற்சி.

எழுபதுகளின் தொடக்கத்தில் வேதமுத்து சார் எங்கள் சர்வேயராக வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தடித்த கண்ணாடி. கையில் எப்போதும் ஒரு குடை இருக்கும், ஆனால் அவர் அதை விரித்து யாரும் பார்த்ததில்லை. மழை வந்தால் குடையை மடித்தபடியே கக்கத்தில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடுவார். குடை கோடு காட்டுவதற்கு. சின்னப் பிள்ளையைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நிறையத் துடைத்தால் நிறையக் கோபம் என்று அர்த்தம். அளவு தப்பினால் திட்ட மாட்டார். "மறுபடியும்" என்ற ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் சங்கிலியை எடுத்துக்கொண்டு முதல் கல்லுக்குத் திரும்பி நடப்போம்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்த சர்வேயரிடமும் நான் அதைப் பார்த்ததில்லை. எல்லைக் கல்லைக் குழியில் இறக்கியதும் மண்ணைத் தள்ள விடமாட்டார். அந்த இடத்துக்கு உரியவரைக் கூப்பிடுவார். "கையை வைங்க" என்பார். அவர்கள் குனிந்து கல்லின் தலையில் கை வைப்பார்கள். "நான் மாத்தலாகிப் போயிடுவேன். இவங்களும் போயிடுவாங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா, தொட்டுப் பார்த்தேன்னு சொல்றதுக்கு நீங்கதான் இருப்பீங்க" என்பார். பிறகுதான் மண் விழும்.

அந்தச் சமயத்தில் விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் செராமிக் பேட்டையில் வேலை பெருகிக்கொண்டிருந்தது. நல்லூர், ஸ்ரீமுஷ்ணம், மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து ரயில்பாதை ஓரத்தில் குடிசை போட்டிருந்தார்கள். களிமண் பிசைபவர்கள், அச்சில் ஊற்றுபவர்கள், சூளையில் அடுக்குபவர்கள், கப்புகளின் விளிம்பில் வண்ணக் கோடு போடும் பெண்கள். மழை பெய்தால் குடிசைக்குள் தண்ணீர், வண்டி போனால் குடிசைக்குள் கரி. இவர்களுக்கு மனைப்பட்டா கொடுப்பதென்று முடிவாகி, பேட்டைக்கு வடக்கே இருந்த செம்மண் மேட்டைப் புறம்போக்கிலிருந்து ஒதுக்கினார்கள். நடுவில் ஒரு தெரு, இரண்டு பக்கமும் மனைகள். படம் தாலுகா ஆபீசில் தயாராகி எங்கள் கைக்கு வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை தாசில்தார் நேரில் வந்து பட்டா கொடுப்பார், அதற்குள் கல் நட்டாக வேண்டும்.

மேட்டில் ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. அஞ்சலையுடையது. புருஷன் செத்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. கப்புக்குக் கோடு போடும் பிரிவில் வேலை. ரயிலோரத்து வெள்ளத்தில் ஒருமுறை பாத்திரமெல்லாம் போனதும், "இனிமே தண்ணி என்னத் தேடி வரட்டும்" என்று மேட்டில் ஏறிவிட்டவள். சூளையில் கப்பையும் பொம்மையையும் நேரடியாக வைக்க மாட்டார்கள். சாகர் என்ற தடித்த மண்பெட்டிகளுக்குள் வைத்துத்தான் அடுக்குவார்கள். விரிசல்விட்ட சாகரைப் பேட்டையில் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதையெல்லாம் வேலை முடிந்து வரும்போது தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று சுமந்துவந்து, மண் குழைத்து அடுக்கி, மேலே கூரை போட்டு வீடு கட்டியிருந்தாள். கூரையைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடலாம். அந்தச் சுவரைப் பிரித்தால் பாதி நொறுங்கிவிடும்.

படத்தின்படி தெரு அந்த வீட்டின் நடுவே போனது.

வேதமுத்து சார் முதல் நாளே அவளிடம் போய்ச் சொன்னார். "அம்மா, உங்களுக்கும் ஒரு மனை உண்டு. ஆனா இந்த வூடு தெருவுல நிக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்தாவணும்."

அஞ்சலை வாசலைக் காட்டினாள். பந்தக்கால் நட்டிருந்தது. மகள் செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஸ்ரீமுஷ்ணம் பக்கம்.

"கம்பு நட்டாச்சுங்க சார். நட்டப்புறம் வூட்ட அசைக்கக் கூடாது. கல்யாணம் முடிஞ்சு கம்ப எடுக்கட்டும். அதுக்கப்புறம் நானே சுவத்தப் பிரிச்சிப் போட்டுடறேன்."

"கல்யாணம் எப்ப?"

"வெள்ளிக்கு அடுத்த ஞாயித்துக்கெழம."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. "என் கையில இல்லம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். பின்னால் அவள், "சம்பந்தி வூட்டுக்காரங்க வந்து வூடு எங்கன்னு கேட்டா, ரோடப் பாருங்கன்னு காட்டவா?" என்றாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டு கேட்டாள்.

மறுநாள் வேலை தொடங்கியது. தெற்குக் கோடியில் முதல் கல். அங்கே சார் நிற்பார். வடக்கே, அஞ்சலை வீட்டுக்கு அப்பால், சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை அடித்த சர்வே கம்பை என் கூட்டாளி சின்னையன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் கண்ணை ஓட்டி, நடுவில் நான் வைக்கும் கம்பை இடது, வலது என்று குடையால் நகர்த்தச் சொல்லி நேர் பார்ப்பார். வீடு மறைத்ததால், கூரைக்கு மேலே கம்பு தெரியும்படி சின்னையன் சாகர் அடுக்கு ஒன்றின்மேல் ஏறி நின்றான். வெயில் ஏறி, செம்மண்ணிலிருந்து அனல் அலைபாய்ந்துகொண்டிருந்தது.

சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வடக்கே பார்த்தார். குடையை ஆட்டினார். வேலை நடந்தது. இரண்டு மூன்று கல்லுக்குப் பிறகு, "சின்னையன் இன்னைக்குத்தான் ஆடாம புடிக்கிறாரு" என்று என்னிடம் சொன்னார். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சின்னையன் அப்போது கம்பைப் பிடித்துக்கொண்டிருக்கவே இல்லை. சாகர் அடுக்கு சரிந்து, கம்பும் அவனுமாக வீட்டுக்குப் பின்னால் விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்; அவன் கூப்பிட்டது எங்களுக்குக் கேட்கவில்லை. சார் பார்த்தது அஞ்சலை வீட்டுப் பந்தக்காலை.

வேறு ஊரில் என்றால் பந்தக்காலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டியதோடு விட்டிருப்பார்கள். இது கப்புக்குக் கோடு போடும் பெண்கள் கூடி நட்ட கால். பேட்டையிலிருந்து வெள்ளைமண் குழம்பு கொஞ்சம், காவி கொஞ்சம் கொண்டுவந்து, மஞ்சள் வைத்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, அடியிலிருந்து நுனிவரை சிவப்பு ஒரு பட்டை, வெள்ளை ஒரு பட்டை என்று இழுத்திருந்தார்கள். ஒரு பட்டைகூட அகலம் மாறவில்லை. பிறகு கேட்டதற்கு அவர்களில் ஒருத்தி, "எங்க கையில பிரஷ்ஷக் குடுத்தா கோடுதான சார் வரும், கோலமா வரும்?" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குக் கொஞ்சம் தெற்கே வரை கல் நட்டாகிவிட்டது. ஒவ்வொரு கல்லிலும் அந்தந்த மனைக்காரர் கை வைத்திருந்தார். நாங்கள் சங்கிலியை மடித்துக்கொண்டிருந்தபோது அஞ்சலை ஒரு சொம்பு நிறைய டீயும் டம்ளர்களுமாக வந்தாள். முகம் பூராவும் சிரிப்பு.

"சார், என்னால ஆவாதுன்னு சொல்லிட்டு வூட்ட விட்டுட்டீங்களே. நான் வாசல்ல நின்னு பார்த்தேன். கல்லு வரிசையா வந்து நம்ம கம்புகிட்ட நிக்குது. வூட்ட ஒட்டித்தான் போவுது, உள்ள வரல. நீங்க மகராசனா இருக்கணும்."

வேதமுத்து சார் டம்ளரை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். கல் வரிசையைப் பார்த்தார். பந்தக்காலைப் பார்த்தார். பிறகு முழங்காலில் கட்டோடு வந்துகொண்டிருந்த சின்னையனைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"மறுபடியும்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

வெளிச்சம் இருக்கும்போதே கோட்டை வடக்குக் கோடிவரை நீட்டிப் பார்த்தோம். தெரு மேற்கே சாய்ந்திருந்தது. ஆரம்பத்தில் அது தெரியாது. போகப் போகச் சாய்வு கூடும். கடைசி மனையில், ஒரு கட்டில் போடும் இடம் குறைந்தது. அது காளியனுடைய மனை. காளியன் சூளையில் சாகர் அடுக்குபவர். மனைவி கனகா, நாலு பிள்ளைகள். சங்கிலி முடிந்த இடத்தை அவர் குனிந்து பார்த்தார்.

"படுத்தா கால அடுத்த தெருவுலதான் நீட்டணும் போலருக்குது" என்றார்.

"உங்களுக்கு மேற்க தெருவே இல்லைங்க, உடைசல் மேடுதான்" என்றான் சின்னையன்.

"அப்ப கால வெட்டிக்க வேண்டியதுதான்."

அஞ்சலைக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொம்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். கூட்டம் கூடிவிட்டது. அம்மனே கோட்டை இழுத்துவிட்டாள், இதைத் தொடக்கூடாது என்றார்கள் சிலர். அம்மன் காளியன் மனையிலா கை வைப்பாள் என்றார்கள் வேறு சிலர்.

சார் எல்லோரையும் உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"தப்பு என் கண்ணுடையது. சின்னையன்மேலயும் இல்ல, கம்புமேலயும் இல்ல. இதச் சரிபண்ண ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு, இன்னைக்கு நட்ட கல்லயெல்லாம் புடுங்கிட்டுப் படத்துல உள்ளபடி போடறது. அஞ்சலையம்மா வூடு போவும். இன்னொண்ணு, கல்லு நட்டபடியே இருக்கட்டும், மத்த கோடெல்லாத்தையும் அது கூடவே சாய்ச்சிடறது. எல்லா மனையும் முழு அளவா வரும். ஆனா கடைசி மனைங்க பின்பக்கம் உடைசல் மேட்டுக்குள்ள போவும். எல்லாம் ஒரே சர்வே நம்பருதான், நாம எடுத்துக்கலாம். மேட்ட எடுத்தாவணும், அதான். தாசில்தாரு ஒத்துக்கணும், அதுவும் இருக்குது." காளியன் பக்கம் திரும்பினார். "அதிகமா மேட்டுல வுழறது உங்க மனை. நீங்க வேணான்னா வேணாம். யாரும் உங்கள ஒண்ணும் சொல்லக் கூடாது."

உடைசல் மேடு என்பது பேட்டை தொடங்கிய நாள்முதல் உடைந்த கப்பும் சாஸரும் பொம்மைத் தலையும் கொட்டிக் கொட்டி ஆள் உயரத்துக்கு வளர்ந்துபோன குவியல். கண்ணாடி மாதிரி வெட்டும். அதில் வெறுங்காலோடு யாரும் ஏறியதில்லை.

காளியன் கனகாவைப் பார்த்தார். கனகாதான் வாய்திறந்தாள். "நாலு புள்ளைங்கள வச்சிக்கிட்டு அந்த ஓட்டுமேல நான் எப்படிங்க குடியிருக்கறது?"

"வேணாங்க" என்றாள் அஞ்சலை உடனே. "எனக்காக யாரு மனையும் முள்ளுமேல போவ வேணாம். சார், நீங்க கல்லப் புடுங்குங்க. நான் ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஆளனுப்பி, கல்யாணத்தத் தள்ளி வைக்கறேன்." சொல்லிவிட்டு, அதுவரை பிடித்திருந்த சொம்பைக் கீழே வைத்தாள். நட்ட காலைப் பிடுங்கித் தள்ளிவைத்த கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீடு திரும்பி வருமா என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

காளியன் எழுந்துபோய் உடைசல் மேட்டைச் சுற்றி வந்தார். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"இது யாரு ஒடச்சது?" என்றார்.

குனிந்து ஒரு உடைந்த கப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நாமதான ஒடச்சோம். இதுல பாதி நான் ஒடச்சது. மேஸ்திரியக் கேட்டா முக்கால்வாசின்னு சொல்லுவாரு. ஒடைக்கறப்ப இருந்த கையி வாரறப்ப எங்க போச்சி?"

"மேஸ்திரி சொல்றதுதான் நெசம்" என்றாள் கனகா. முதல் சிரிப்பு அங்கேதான் வந்தது. பிறகு சாரைப் பார்த்து, "ஒரு ஓடு இல்லாம சுத்தமா வாரணும். என் புள்ளைங்க கால்ல ஒண்ணு குத்துச்சுன்னாலும் அஞ்சலையக்காவ நான் சும்மா வுட மாட்டேன்" என்றாள்.

"குத்துனா என் முதுகுல குத்து" என்றாள் அஞ்சலை.

மறுநாள் காலை சாரோடு நானும் தாசில்தார் முன்னால் நின்றேன். சார் சுற்றி வளைக்கவில்லை. கல்யாணக் கம்பைச் சர்வே கம்பு என்று பார்த்துக் கோடு போட்டுவிட்டேன் என்றார். தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத்தன வருஷ சர்வீஸ்ல?"

"இத்தன வருஷத்துல இவ்வளவு நேரா யாரும் கம்பு நட்டதில்லைங்க."

தாசில்தார் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். பிறகு சாய்ந்த கோட்டுக்கு ஒத்துக்கொண்டு, கறாராகச் சொன்னார்: வெள்ளிக்கிழமை நான் வரும்போது உடைசல் மேடு இருக்கக் கூடாது, எல்லா மனைக்கும் நாலு மூலைக் கல்லும் இருக்க வேண்டும், ஒரு கல் குறைந்தாலும் பழைய படம்தான், வீடு அன்றைக்கே எடுக்கப்படும்.

அந்த வாரத்தைப் பற்றி எத்தனை பேரிடம் பேசினாலும் எனக்கு அலுப்பதில்லை. பேட்டையில் ஷிப்டு முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே மேட்டுக்கு வந்தார்கள். காலில் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டு, மண்வெட்டியால் இழுத்து, கூடையில் அள்ளி, கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். அதை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வந்தது. "தெருவுலயே கொட்டுங்க. மேல செம்மண்ணப் போட்டு இடிச்சா மழைக்குச் சேறு ஆவாது" என்றார் சார். மாட்டுவண்டி வைத்திருந்த ஒருவர் ஏரிப் பக்கத்திலிருந்து மண் கொண்டுவந்தார். கோடு போடும் பெண்கள் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தார்கள். இது நான் போட்ட கோடு, இது நீ போட்ட கோணல் என்று ஒருத்தியை ஒருத்தி வாரினார்கள். தலை போன பொம்மை ஒன்றைக் காளியன் தூக்கிக் காட்டி, "சூப்பர்வைசர் மாதிரியே இருக்குது" என்றார். அஞ்சலை எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போனாள். கனகா மட்டும் அள்ளவில்லை. அள்ளி முடித்த இடத்தில் ஈரத்துணியைத் தரையில் ஒற்றி ஒற்றி எடுத்துப் பார்த்து, சில்லு ஒட்டியிருந்தால் மறுபடி கூட்டச் சொன்னாள். வேதமுத்து சார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நம்ம டிபார்ட்மெண்டுக்கு வரவேண்டிய அம்மா" என்றார்.

வியாழக்கிழமை மாலை கடைசி மூலைக்குக் குழி தோண்டினோம். காளியன் மனையின் வடமேற்கு மூலை. இப்போது அது மேடு இல்லை, சிவந்த தரை. சங்கிலியின் தலையை நான் பிடிக்கப் போனபோது சார் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். செயின்மேன் வேலையைச் சர்வேயர் செய்து நான் பார்த்தது அன்றுதான். இழுத்துப் பிடித்துக் குனிந்து பார்த்தார். அளவு சரியாக இருந்தது. கல்லை இறக்கினோம்.

"கையை வைங்க" என்றார்.

காளியன் குனிந்தார். கனகா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் குனிந்து கை வைத்தாள். பிறகு, கொஞ்சம் தள்ளி நின்ற அஞ்சலையை, "நீயும் வந்து வை. நாளைக்கு எல்லத் தகராறு வந்தா சாட்சிக்கு ஆளு வேணும்" என்று கூப்பிட்டாள். மூன்று கையும் கல்லின்மேல் இருக்கும்போது நான் மண்ணைத் தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை தாசில்தார் வந்தார், நடந்து பார்த்தார், பட்டா கொடுத்தார். அஞ்சலை வீட்டு முன்னால் வந்ததும் பந்தக்காலை அண்ணாந்து பார்த்து, "இதுதானா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாள் சாயங்காலமே வந்துவிட்டார்கள். வெயில் முழுதாக இறங்கவில்லை. அங்கே அப்போது அஞ்சலை வீட்டைத் தவிர ஒரு வீடும் எழும்பவில்லை. தெரு என்று மேலே செம்மண் போட்டு இடித்த ஒரு நீளத் தரை, இரண்டு பக்கமும் முழங்கால் உயரக் கற்கள், அவ்வளவுதான். நாதஸ்வரமும் தவிலும் முன்னால் வர, மாலை போட்ட மாப்பிள்ளையும் இருபது முப்பது பேருமாகச் செம்மண் மேட்டின் வடமேற்குப் பக்கமிருந்து வெட்டவெளியில் ஏறி வந்தார்கள். பந்தல் நேரே கண்ணுக்குத் தெரிகிறது. குறுக்கே நடந்தால் இதோ என்று வந்துவிடலாம். வந்தார்கள்.

"யோவ், நில்லுய்யா" என்று ஒரு குரல். காளியன். "எங்க போற? அது எங்க அடுப்படி. செருப்புக் காலோட மிதிக்கிற."

தவில்காரர் திகைத்து நின்றார். காலுக்குக் கீழே பார்த்தார். செம்மண்தான் இருந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் முழுதும் வெட்டவெளியில் நின்றுவிட்டது.

"அடுப்ப அந்த மூலையில வைக்கறதா யாரு சொன்னா?" என்றாள் கனகா பின்னாலிருந்து. "அடுப்பு கெழக்க. அவுங்க நிக்கறது நம்ம கூடம்."

"கூடம்னா மட்டும் மிதிக்கலாமா?"

"கூடம்னா உக்காரச் சொல்லணும். வந்தவங்கள நிக்க வச்சா பேசுவ?"

இரண்டு பேரும் தீர்மானிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு தவில்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த வழியே பின்னால் நடந்து, மூலைக் கல்லைச் சுற்றித் தெருவில் இறங்கினார். அவர் பின்னால் நாதஸ்வரம், அவர் பின்னால் மாப்பிள்ளை, அப்புறம் மற்றவர்கள். ஒருவர்கூட இன்னொரு மனையில் கால் வைக்கவில்லை. தெருவழியாகவே நடந்து, அஞ்சலை வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.